பிள்ளைகள் நடத்தும் நாட்டு விழா: தாயகத்திலும் அயலகத்திலும் நார்வேயின் மே 17

நாட்டு விழா என்றதும் பலருடைய கண்முன் தோன்றுவது படை அணிவகுப்பு. தலைநகரின் அகன்ற சாலையில் காலாட்படை செல்லும். பின்னே பீரங்கி வண்டிகள் உருளும். வானில் விமானங்கள் வட்டமிடும். நாட்டின் தலைவர் மேடையில் நின்று வணக்கம் ஏற்பார். மக்கள் சாலையின் இருமருங்கும் நின்று காண்பர். உலக நாடுகள் பலவற்றில் இதுவே முறை. வட ஐரோப்பாவிலுள்ள நார்வேயின் வழக்கம் வேறு. ஆண்டுதோறும் மே திங்கள் 17ஆம் நாள் தலைநகராகிய ஆஸ்லோவில் அரண்மனையை நோக்கி அணிவகுத்துச் செல்பவர்கள் பள்ளிப் பிள்ளைகள். அரண்மனை மாடத்தில் அரச குடும்பத்தார் மணிக்கணக்காக நின்று அப்பிள்ளைகளுக்குக் கையசைக்கின்றனர்.

இவ்வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். ஆனால் தாயகத்தைவிட்டுப் பிறநாட்டில் வாழ்பவனுக்கு நாட்டு விழா என்னவாகிறது என்று எண்ணிப் பார்த்தால், அதன் பெருமை விளங்கும். பீரங்கி வண்டியைக் கடல் கடந்து கொண்டுசெல்ல இயலாது. அரண்மனையையும் பெயர்த்துச் செல்ல இயலாது. கைக்கொடியையும் பாட்டையும் யாரும் கொண்டுசெல்லலாம். பிள்ளையைக் கைப்பிடித்து எந்தத் தெருவிலும் நடக்கலாம். நார்வேயின் மே 17 கடல் கடந்தும் வாழ்ந்ததற்கும், அயலார் அந்நாட்டில் குடியேறியபோது அவர்களுக்கும் இடம் தந்ததற்கும் இந்த எளிமையே முதற்காரணம். அதே எளிமையால் காக்க முடியாமற்போன ஒன்றும் உண்டு. அது மொழி. விழா எதைக் காக்கும், எதைக் காவாது என்பதற்கு நார்வே மக்களின் வரலாறு நல்லதொரு சான்று.

விழா பிறந்த கதை

நார்வே 400 ஆண்டுகளுக்கு மேலாக டென்மார்க்கு அரசரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. நெப்போலியன் காலத்துப் போர்களில் டென்மார்க்கு தோற்ற பக்கத்தில் நின்றது. அதனால் 1814 ஜனவரியில் கையெழுத்தான கீல் உடன்படிக்கையின்படி நார்வேயைச் சுவீடன் அரசருக்கு விட்டுக்கொடுக்க நேர்ந்தது. தம்மைக் கேளாமலே தம் நாடு கைமாறியதை நார்வே மக்கள் ஏற்கவில்லை. பல பகுதிகளிலிருந்தும் தேர்ந்தெடுக்கப்பட்ட 112 பேர் ஐட்ஸ்வோல் என்னும் ஊரிலிருந்த ஒரு மாளிகையில் ஏப்ரல் 10ஆம் நாள் கூடினர். அலுவலர், வணிகர், உழவர், படையினர் எனப் பல திறத்தாரும் அவர்களுள் இருந்தனர். ஐந்து கிழமைகளுக்குள் அவர்கள் நாட்டுக்கு ஓர் அரசியலமைப்புச் சட்டத்தை இயற்றினர். அச்சட்டம் 1814 மே 17 என நாளிடப்பட்டது. அன்றே டென்மார்க்கு இளவரசர் கிறிஸ்தியன் பிரெடரிக் நார்வேயின் அரசராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அந்த அரசு நெடுநாள் நீடிக்கவில்லை. அவ்வாண்டுக் கோடையிலேயே சுவீடன் படையெடுத்தது. புதிய அரசர் முடி துறந்தார். நவம்பரில் நார்வே சுவீடனோடு ஒரே அரசரின்கீழ் இணைக்கப்பட்டது. ஆயினும் ஐட்ஸ்வோலில் இயற்றிய சட்டத்தை, இணைப்புக்கு வேண்டிய மாற்றங்களோடு, நார்வே விடாது வைத்துக்கொண்டது. அரசர் அயலார், சட்டம் தம்முடையது. இந்நிலை 1905இல் நார்வே முழுவிடுதலை பெறும்வரை, 91 ஆண்டுகள் நீடித்தது. ஆகவே, மே 17ஐ விடுதலை நாள் என்பது முற்றிலும் பொருந்தாது. அது சட்டம் பிறந்த நாள். விடுதலை இல்லாத காலத்திலும் மக்கள் கொண்டாடிய நாள்.

தடையும் எதிர்ப்பும்

சுவீடன் அரசர் கார்ல் யோகான் இவ்விழாவை விரும்பவில்லை. இணைப்பு ஏற்பட்ட நாளைக் கொண்டாடாமல், இணைப்புக்கு முந்திய சட்டத்தின் நாளைக் கொண்டாடுவது தம் ஆட்சிக்கு எதிரான குறிப்பு என்று அவர் கருதினார். கருத்துப் பிழையன்று, குறிப்பு அதுவே. 1829 மே 17 அன்று, இன்று ஆஸ்லோ எனப்படும் கிறிஸ்தியானியாவில், 'அரசியலமைப்பு' என்னும் பெயர் தாங்கிய நீராவிக் கப்பலை வரவேற்க மக்கள் திரண்டனர். மாலையில் நகரச் சதுக்கத்தில் கூடியிருந்த கூட்டத்தைக் குதிரைப்படையும் காலாட்படையும் கலைத்தன. இந்நிகழ்ச்சி 'சதுக்கப் போர்' என வரலாற்றில் பெயர் பெற்றது. மக்களின் சினம் பெருகவே, விழாவைத் தடுக்கும் முயற்சி தளர்ந்தது.

அன்று அக்கூட்டத்தில் இருந்தவர்களுள் ஒருவர் இளங்கவிஞர் ஹென்ரிக் வெர்கெலான். அவருடைய தந்தை ஐட்ஸ்வோலில் கூடிய 112 பேருள் ஒருவர். மே 17ஐ மக்கள் விழாவாக வளர்த்தவர்களுள் முதல்வராக வெர்கெலான் போற்றப்படுகிறார். ஆயினும் அவர் அந்நாளையும் அச்சட்டத்தையும் கண்மூடிப் புகழ்ந்தவரல்லர். ஐட்ஸ்வோல் சட்டத்தின் 2ஆம் பிரிவு யூதர்கள் நார்வேக்குள் நுழையக்கூடாது என்று விதித்திருந்தது. உரிமைச் சட்டம் எனப் பெயர் பெற்ற ஒன்று ஓர் இனத்தாருக்குக் கதவை அடைத்தது. இக்கறையை நீக்க வேண்டுமென்று வெர்கெலான் பாடியும் எழுதியும் வாதாடியும் போராடினார். 1845இல் அவர் மறைந்தார். 1851இல் அத்தடை நீக்கப்பட்டது. இன்றும் மே 17 காலையில் ஆஸ்லோவில் உள்ள அவருடைய கல்லறையில் யூத மக்கள் மலர்வளையம் வைத்து வணங்குகின்றனர். ஒருகாலத்தில் தம்மை வெளியே நிறுத்திய சட்டத்தின் நாளில், தம்மை உள்ளே அழைத்தவரை அவர்கள் நினைக்கின்றனர். நாட்டு விழாவில் அயலாருக்கு இடம் உண்டா என்னும் கேள்வி இவ்விழாவின் பிறப்போடு சேர்ந்தே பிறந்தது.

ஊர்வலம் பள்ளிக்கு வந்தது

தொடக்க காலத்தில் மே 17 பெரியவர்களின் விழா. சொற்பொழிவும் விருந்தும் ஆண்கள் நடக்கும் ஊர்வலமுமாக அது நடந்தது. அதன் உருவத்தை மாற்றியவர் எழுத்தாளர் பியோர்ன்ஸ்தியர்னே பியோர்ன்சன். நார்வேயின் நாட்டுப் பண்ணை இயற்றியவர் அவரே. சட்டத்தின் 50ஆம் ஆண்டு நிறைவாகிய 1864 மே 17 அன்று, அவருடைய உறவினர் ரிக்கார்ட் நூர்ட்ரோக் அமைத்த இசையோடு அது முதன்முறையாக மக்கள் முன் பாடப்பட்டது. பின்னாளில், 1903இல், அவர் இலக்கியத்துக்கான நோபல் பரிசையும் பெற்றார்.

1870இல் பியோர்ன்சன், பீட்டர் க்வாம் என்னும் பள்ளித் தலைவரோடு சேர்ந்து, சிறுவர்களை அணிவகுத்து நடக்கச் செய்தார். கையில் கொடி, வாயில் பாட்டு. வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. இவ்வழக்கம் நகரத்திலிருந்து நகரத்துக்குப் பரவியது. முதலில் சிறுவர்கள் மட்டுமே நடந்தனர். 1889இல் தலைநகர ஊர்வலத்தில் சிறுமியரும் சேர்ந்தனர். இங்கும் கதவு ஒரே நாளில் திறக்கவில்லை. பாதிப் பிள்ளைகள் 19 ஆண்டுகள் ஓரத்தில் நின்று காத்திருக்க வேண்டியிருந்தது. 1905இல் விடுதலை வந்தபின், புதிய அரசர் 7ஆம் ஹாக்கோன் 1906 முதல் அரண்மனை மாடத்தில் நின்று பிள்ளைகளை வரவேற்றார். அவ்வழக்கம் அவர் மகன் காலத்திலும் பேரன் காலத்திலும் தொடர்ந்தது.

இன்று ஆஸ்லோ ஊர்வலத்தில் நூற்றுக்கு மேற்பட்ட பள்ளிகள் பங்கு கொள்கின்றன. ஒவ்வொரு பள்ளிக்கும் தனிப் பதாகை உண்டு. பதாகையின் பின்னே பள்ளியின் வாத்தியக் குழு, அதன் பின்னே வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகள், உடன் ஆசிரியர்கள். சிற்றூராயின் ஒரே ஒரு பள்ளி நடக்கும். ஊரே அதன் பின்னால் செல்லும். வடகோடியில் உள்ள பின்மார்க் பகுதியில் மே நடுவிலும் தரையில் பனி கிடப்பதுண்டு. பனியானாலும் மழையானாலும் ஊர்வலம் நிற்பதில்லை. நடந்து முடிந்ததும் பள்ளி வெளியில் விளையாட்டு. அன்று பிள்ளைகள் கேட்ட அளவுக்கு ஐஸ்கிரீம். பெரியவர்கள் 'பூனாட்' என்னும் உடை அணிவர். கம்பளித் துணியில் பூவேலை செய்து, வெள்ளிப் பதக்கங்கள் கோத்த அவ்வுடை ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒவ்வொரு வகையாக இருக்கும். உடையைக் கண்டே ஒருவரின் முன்னோர் ஊரைச் சொல்லிவிடலாம். எதிர்ப்படுவோர் எல்லாரும், முன்பின் அறியாதவராயினும், "இந்நாளுக்கு வாழ்த்து" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வர். பிறந்த நாள் கொண்டாடும் ஒருவருக்குச் சொல்லும் வாழ்த்தும் இதுவே. அன்று நாட்டு மக்கள் அனைவருக்கும் பிறந்த நாள் என்பது இதன் உட்பொருள் எனலாம்.

கடல் கடந்த விழா

நார்வே விளைநிலம் குறைந்த நாடு. மலையும் கடலும் நெருக்க, நடுவே கிடக்கும் சிறு துண்டு நிலங்களில் உழவர் வாழ்ந்தனர். 1825இல் ஸ்தவாங்கர் துறையிலிருந்து ஒரு சிறு பாய்க்கப்பல் 52 பேருடன் அமெரிக்காவுக்குப் புறப்பட்டது. வழியில் ஒரு குழந்தை பிறந்தது. நியூயார்க்கில் இறங்கியவர் 53 பேர். அடுத்த நூறாண்டுக் காலத்தில் 8 இலட்சத்துக்கு மேற்பட்ட நார்வே மக்கள் அமெரிக்கா சென்றனர். முதற்கப்பல் புறப்பட்டபோது நாட்டின் மக்கள்தொகையே ஏறத்தாழ 10 இலட்சந்தான் என்பதை எண்ணினால், இப்பெயர்ச்சியின் அளவு புலப்படும்.

அவர்கள் மினசோட்டா, விஸ்கான்சின், வட டகோட்டா ஆகிய மாநிலங்களில் நிலம் உழுதனர். சியாட்டில் கரையில் மீன் பிடித்தனர். நியூயார்க்கின் புருக்ளின் பகுதியில் கப்பல் தொழில் செய்தனர். மே 17 அங்கெல்லாம் அவர்களோடு சென்றது. ஆனால் உருவம் சிறிது மாறியது. அமெரிக்காவில் அது விடுமுறை நாளன்று. எனவே புருக்ளினில் ஊர்வலம் மே 17ஐ அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு மாறியது. தாயகத்தில் நார்வேக் கொடி ஒன்றே பறந்தது. அயலகத்தில் அமெரிக்கக் கொடியும் பக்கத்தில் பறந்தது. தாயகத்தில் அது பள்ளியின் விழா. அயலகத்தில் சங்கங்களின் விழா. பூனாட் அணிந்த முதியோர் முன்னே நடக்க, பேரப்பிள்ளைகள் உடன் நடந்தனர்.

கடலோடிகளுக்கும் இவ்விழா உரியதாயிற்று. உலகத் துறைமுகங்களில் இறங்கும் நார்வே மாலுமிகளுக்கென்று 1864இல் பெர்கன் நகரில் ஒரு சமய அமைப்புத் தோன்றியது. அது பல துறைமுகங்களில் மாலுமிகள் தேவாலயங்களைக் கட்டியது. வழிபாட்டோடு தாய்மொழிச் செய்தித்தாளும், காப்பியும், பேச்சுத் துணையும் அங்கே கிடைத்தன. மே 17 வந்தால் அத்தேவாலயமே அவர்களுக்கு ஒரு நாள் நார்வேயாக மாறியது. சிங்கப்பூரில் பாசிர் பாஞ்சாங் சாலையிலும் அத்தகைய தேவாலயம் ஒன்று உண்டு. இந்நகரில் வாழும் நார்வேக் குடும்பங்கள் அங்கே கூடி, தம் பிள்ளைகளை அணிவகுக்கச் செய்து இந்நாளைக் கொண்டாடி வந்துள்ளன. குளிர்நாட்டுக் கம்பளியில் தைத்த பூனாட் நம் வெயிலுக்கு ஏற்ற உடையன்று. ஆயினும் ஆண்டுக்கு ஒரு நாள் அதைப் பெட்டியிலிருந்து எடுப்பதில் ஒரு நிறைவு உண்டு.

விழா காவாத மொழி

அமெரிக்க நார்வே மக்களின் வரலாற்றில் ஆசிரியர்கள் ஊன்றிக் காணவேண்டிய பகுதி ஒன்று உண்டு. குடியேறிய முதல் இரு தலைமுறையினர் தாய்மொழியைப் போற்றினர். கோயில் வழிபாடு நார்வே மொழியில் நடந்தது. அயோவா மாநிலத்து டெக்கோரா நகரில் 1874இல் தோன்றிய ஒரு நார்வே மொழிச் செய்தித்தாள் அமெரிக்கா முழுவதும் படிக்கப்பட்டது. கோடை விடுமுறையில் தேவாலயங்கள் பிள்ளைகளுக்குத் தாய்மொழி கற்பித்தன.

முதல் உலகப் போர் இந்நிலையைக் குலைத்தது. ஆங்கிலம் அல்லாத மொழி பேசுவோர் எல்லாரையும் ஐயத்தோடு நோக்கும் காலம் வந்தது. 1918 மே திங்களில் அயோவா ஆளுநர், பள்ளியிலும் பொதுவிடத்திலும் தொலைபேசியிலும் கோயிலிலும் ஆங்கிலம் தவிரப் பிற மொழி பேசலாகாது என ஆணையிட்டார். செருமானியரைக் கருதிப் பிறந்த அவ்வாணை நார்வே மக்களையும் தாக்கியது. போர் முடிந்தபின் ஆணை மறைந்தது, அச்சம் மறையவில்லை. 1920களில் வழிபாட்டில் ஆங்கிலம் மேலோங்கலாயிற்று. தாய்மொழி வகுப்புகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1972இல் டெக்கோராச் செய்தித்தாள் நின்றது. நார்வே மொழியில் படிக்கும் தலைமுறை குறைந்துபோயிற்று.

மே 17 ஊர்வலமோ நிற்கவில்லை. இன்றும் சியாட்டிலிலும் புருக்ளினிலும் விஸ்கான்சினிலும் அது நடக்கிறது. கொடி பிடித்து நடப்போருள் மிகப் பலர் அந்நாளின் பெயரையும், வாழ்த்துச் சொல்லையும், நாட்டுப் பண்ணின் முதல் பகுதியையும் தவிர நார்வே மொழியில் வேறொன்றும் அறியாதவர். புருக்ளினில் ஒருகாலத்தில் நார்வேக் கடைகள் நிறைந்திருந்த 8ஆம் நிழற்சாலைக்கு, அவர்களின் இறைச்சிக் குழம்பின் பெயரால் 'லாப்ஸ்கவுஸ் சாலை' என்று வேடிக்கைப் பெயர் வழங்கியது. இன்று அச்சாலையில் சீனர் கடைகள் நிறைந்துள்ளன. நார்வே மக்கள் பிற இடங்களுக்குப் பெயர்ந்தனர். ஆண்டுக்கு ஒருமுறை அருகிலுள்ள பே ரிட்ஜ் பகுதியில் மட்டும் ஊர்வலமாகத் திரும்பி வருகின்றனர்.

இதிலிருந்து பெறப்படுவது தெளிவு. விழா ஆண்டுக்கு ஒரு நாள் வருவது. மொழி நாள்தோறும் பயில்வது. ஆண்டுக்கு ஒரு நாளைக்குரிய முயற்சியைக் கொண்டு நாள்தோறும் வேண்டிய ஒன்றைக் காக்க முடியாது. 'நாம் யாருடைய வழியினர்' என்னும் நினைவை விழா காத்துத் தந்தது; அந்நினைவைத் தாய்மொழியில் சொல்லும் ஆற்றலைக் காத்துத் தரவில்லை. அது வகுப்பறையின் கடமையாக இருந்தது. வகுப்பறை மூடியபின் வேறெதுவும் அக்கடமையை ஏற்கவில்லை.

தாயகத்தில் தடை, அயலகத்தில் விழா

அயலகத்து விழாவை வெறும் ஏக்கத்தின் விளைவு என்று தள்ளிவிடுவதும் பொருந்தாது. அது தாயகத்துக்கே துணை நின்ற காலம் ஒன்று உண்டு. 1940 ஏப்ரல் 9 அன்று செருமானியப் படை நார்வேக்குள் புகுந்தது. ஒரு திங்கள் கழித்து மே 17 வந்தபோது, நாட்டின் தென்பகுதி பகைவர் கையில் இருந்தது. வடக்கே துரோம்சோ நகர வானொலியில் கவிஞர் நூர்தால் கிரீக் அந்நாளைப் பற்றிய தம் கவிதையைப் படித்தார். ஜூன் 7 அன்று அரசரும் அமைச்சரும் அந்நகரிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினர். அதன்பின் ஐந்தாண்டுக் காலம் மே 17 ஊர்வலம் தாயகத்தில் தடைசெய்யப்பட்டது.

அந்த ஐந்தாண்டும் விழா நாட்டுக்கு வெளியே வாழ்ந்தது. இலண்டனில் ரோதர்ஹைத் பகுதியிலுள்ள நார்வேத் தேவாலயம் அரசருக்கும் அகதிகளுக்கும் வழிபாட்டிடமாக விளங்கியது. சுவீடனில் புகலிடம் தேடிய நார்வே மக்கள் ஏறத்தாழ 50,000 பேர். நேச நாடுகளுக்காக ஏறத்தாழ 1,000 நார்வே வணிகக் கப்பல்கள் உலகக் கடல்களில் ஓடின. அவற்றுள் பாதியளவு மூழ்கடிக்கப்பட்டன. 3,000க்கு மேற்பட்ட கடலோடிகள் மாண்டனர். வீடு திரும்ப வழியில்லாத மாலுமிக்கு, அயல் துறைமுகத்தில் வரும் மே 17 ஒரு நாள் ஓய்வாக மட்டும் இருந்திருக்க முடியாது. தன் நாடு இன்னும் இருக்கிறது என்பதற்கு அதுவே அவனுக்குச் சான்று.

தாயகத்திலோ, ஊர்வலத்தை ஆண்டுதோறும் நடத்திச் சென்ற ஆசிரியர்களுக்கே சோதனை வந்தது. 1942 பெப்ருவரியில் குவிஸ்லிங்கின் அரசு, ஆசிரியர் அனைவரும் தன் கட்சி வழி நிற்கும் சங்கத்தில் சேரவேண்டும், பிள்ளைகள் கட்சியின் இளைஞர் அமைப்பில் சேரவேண்டும் என்று சட்டமியற்றியது. நாட்டில் இருந்த ஏறத்தாழ 14,000 ஆசிரியர்களுள் 12,000 பேர் அளவில் மறுத்து எழுதினர். மார்ச்சுத் திங்களில் ஏறத்தாழ 1,100 ஆசிரியர்கள் சிறைப்பட்டனர். அவர்களுள் 600க்கு மேற்பட்டோர் வடகோடியில் உள்ள கிர்க்கெனெஸ் என்னுமிடத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கட்டாய வேலையில் ஈடுபடுத்தப்பட்டனர். ஆயினும் ஆசிரியர்கள் பணியவில்லை. அரசுதான் திட்டத்தைக் கைவிட்டது. அவ்வாண்டு இறுதிக்குள் சிறைப்பட்டோர் வீடு திரும்பினர். கொடியும் பாட்டும் தடைப்பட்ட ஆண்டில், வகுப்பறையில் நின்ற ஆசிரியரின் மறுப்பே மே 17இன் பொருளைக் காத்தது எனலாம்.

1945 மே 8 அன்று நாடு விடுதலை பெற்றது. ஒன்பதாம் நாள் மே 17. ஐந்தாண்டுகள் தெருவில் ஒரு கொடியும் பிடிக்காத பிள்ளைகள் அன்று மீண்டும் அரண்மனை நோக்கி நடந்தனர். பள்ளியில் சேர்ந்தபின் ஊர்வலத்தையே கண்டிராத சிறுவர் பலர் அவர்களுள் இருந்தனர்.

அயலார் நடக்கும் தெரு

இதுகாறும் கூறியவை நார்வேயை விட்டுச் சென்றவர்களைப் பற்றியவை. 1960களின் இறுதியிலிருந்து காற்று எதிர்த்திசையில் வீசியது. ஒருகாலத்தில் மக்களை வெளியே அனுப்பிய நாடு, வெளியிலிருந்து வருவோரை ஏற்கலாயிற்று. பாகிஸ்தான், வியட்நாம், ஈரான், சோமாலியா முதலிய நாடுகளிலிருந்து மக்கள் வந்தனர். ஈழத் தமிழரும் வந்தனர்.

தமிழருக்கும் நார்வேக்கும் உள்ள தொடர்பு அதற்கு முன்பே தொடங்கியது. 1956இல் யாழ்ப்பாணத்திலிருந்து அன்ரனி இராஜேந்திரம் நார்வே சென்று மீன்பிடித் தொழில் பயின்றார். அவர் முயற்சியால் 1967இல் யாழ்ப்பாணத்தில் 'சீநோர்' என்னும் மீன்பிடித் தொழில் அமைப்புத் தோன்றியது. பின்பு மாணவராகச் சிலர் சென்றனர். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் ஏதிலிகளாகப் பலர் சென்றனர். அவர்களுள் ஒரு பகுதியினர் பின்மார்க்கின் மீன்பிடி ஊர்களில், மீன் பதப்படுத்தும் ஆலைகளில் வேலை செய்தனர். பனைமரம் நின்ற மண்ணிலிருந்து மரமே அரிதான பனிக்கரைக்குச் சென்றவர்கள் அவர்கள்.

அத்தகைய குடும்பத்துக்கு முதல் மே 17 எவ்வாறு வருகிறது என்பதைக் கருதுதல் தகும். தந்தையும் தாயும் அவ்விழாவைப் பற்றி ஒன்றும் அறியார். பள்ளியிலிருந்து பிள்ளை ஒரு தாள் கொண்டுவருகிறது: இன்ன நேரத்துக்கு வரவேண்டும், நல்ல உடை உடுத்தவேண்டும், கையில் கொடி வேண்டும். பூனாட் முன்னோர் ஊரைக் காட்டும் உடை. அந்நாட்டில் முன்னோர் ஊர் இல்லாதவர் எதை உடுப்பது? பலர் தம் சொந்த நாட்டு உடையையே உடுத்து நிற்கின்றனர். அதையும் அந்நாள் ஏற்றுக்கொள்கிறது. படை அணிவகுப்பாயின் அக்குடும்பம் கூட்டத்தின் கடைசி வரிசையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கும். நடப்பது பிள்ளைகள், தம் பிள்ளையும் அவர்களோடு நடக்கிறது. ஆதலின் பெற்றோர் பார்வையாளராக மட்டும் நிற்க இயலாது. பிள்ளையின் கையைப் பிடித்தே அவர்கள் அவ்விழாவுக்குள் செல்கின்றனர்.

இவ்வழி எப்போதும் தடையின்றி இருந்ததென்று கொள்ளலாகாது. 1999இல் ஆஸ்லோவின் மே 17 விழாக் குழுவுக்கு ரூபினா ரானா தலைவரானார். அவர் பாகிஸ்தானில் பிறந்தவர். அயல்நாட்டில் பிறந்த ஒருவர் அப்பொறுப்பை ஏற்றது அதுவே முதன்முறை. அவருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. அவர் பின்வாங்கவில்லை; பிள்ளைகளின் ஊர்வலத்துக்கு முன்னே நடந்தார். ஊர்வலத்தில் பிள்ளைகள் தம் பெற்றோர் நாட்டுக் கொடியையும் ஏந்தலாமா என்னும் வாதமும் பலமுறை எழுந்ததுண்டு. நார்வே நாளில் நார்வேக் கொடியே போதும் என்பார் ஒருசாரார். இரு கொடி பிடிப்பதால் அன்பு குறையாது என்பார் மற்றொரு சாரார். புருக்ளின் தெருவில் நார்வேக் கொடியும் அமெரிக்கக் கொடியும் சேர்ந்து பறந்த வரலாற்றை அறிந்தோர்க்கு இரண்டாம் சாராரின் கருத்துப் புதுமையாகத் தோன்றாது.

யாழ்ப்பாணத்தில் பிறந்து 3 வயதில் நார்வே சென்ற கம்சாயினி குணரத்தினம் 2015இல் ஆஸ்லோ நகரத் துணைமேயரானார். 2021இல் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1814இல் ஐட்ஸ்வோலில் கூடியோர் இயற்றிய சட்டத்தின்கீழ் இயங்கும் மன்றம் அது. அம்மன்றத்தில் ஒரு தமிழ்ப் பெண் அமர்வதற்கான பாதை, பிள்ளைகளின் ஊர்வலம் சென்ற அதே தெருவின் வழியே சென்றது எனின் மிகையன்று.

ஆசிரியர் எண்ணுதற்குரியது

இருவகை அயலக வாழ்வையும் ஒருங்குவைத்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். நார்வேயை விட்டுச் சென்றவர்கள் விழாவைக் காத்தனர், மொழியை இழந்தனர். நார்வேக்கு வந்த தமிழர் அந்நாட்டு விழாவை ஏற்றனர். தம் மொழிக்கு வார இறுதிப் பள்ளிகளை அமைத்தனர். மே 17 அன்று நார்வேக் கொடியோடு நடக்கும் தமிழ்ப் பிள்ளை, வார இறுதியில் தமிழ்ப் பாடநூலைத் திறக்கிறது. இரண்டும் ஒன்றற்கொன்று பகையல்ல. வாழும் நாட்டின் விழாவில் முழுமனத்தோடு நடப்பதற்குத் தாய்மொழியைக் கைவிட வேண்டியதில்லை. தாய்மொழியைக் காப்பதற்கு வாழும் நாட்டின் விழாவில் ஒதுங்கி நிற்கவேண்டியதுமில்லை. அமெரிக்காவில் நார்வே மொழி தேய்ந்தது இரு கொடி பிடித்ததனால் அன்று. அச்சத்தினாலும் அயர்வினாலும் வகுப்பறைகளை மூடியதனால்.

வார இறுதிப் பள்ளியின் வலிமை எத்தனை தலைமுறைக்கு நிற்கும் என்பது இனிக் காணவேண்டியது. அமெரிக்க நார்வே மக்களும் முதல் இரு தலைமுறை வரையில் தம் மொழிக்கு இறுதி வரும் என்று நினைத்தாரில்லை. மூன்றாம் தலைமுறையிலேதான் வகுப்பில் இருக்கைகள் வெறுமையாயின. ஆகவே, ஊர்வலத்தில் எத்தனை பிள்ளைகள் நடந்தனர் என்று மகிழ்வோடு எண்ணுவோர், மறுநாள் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் அமர்ந்தனர் என்பதையும் எண்ணிக்கொள்ளல் நன்று. ஊர்வலம் ஒரு நாள் தெருவில் நடப்பது. அதற்குப் பொருள் சேர்க்கும் வேலை, ஆண்டின் மற்ற நாள்களில் ஆசிரியர் கையில் இருக்கிறது.